காலில் வலு வந்தும் தடுமாற்றம் நிற்கவில்லையா? பக்கவாதத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்தவர் எழுந்து நிற்கத் தொடங்கியதும் வீட்டில் எல்லாருடைய கவனமும் காலின் மேல்தான் இருக்கும். காலைத் தூக்குகிறாரா, நேற்றைவிட இரண்டடி கூடுதலாக நடந்தாரா என்று பார்ப்போம். கொஞ்ச நாளில் ஓரளவு வலு திரும்பிவிடும். ஆனாலும் திரும்பும்போது சாய்வார், கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவார். பல நேரம் இதற்குக் காரணம் தசை இல்லை. கால் எங்கே இருக்கிறது, உடம்பின் எடை எந்தப் பக்கம் விழுகிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. போனாலும் மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விழாமல் நிற்க நமக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வர வேண்டும். ஒன்று கண், அடுத்தது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, மூன்றாவது பாதத்தின் தோலும் தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு. பக்கவாதத்தில் அடிக்கடி பாதிக்கப்படுவது இந்த மூன்றாவதுதான். வருத்தம் என்னவென்றால், வீட்டில் நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் பல காரியங்கள் அந்த உணர்வுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகின்றன.

அதில் முதலாவது, எல்லா வேலையையும் நல்ல பக்கத்திடம் ஒப்படைத்துவிடுவது. அவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நல்ல காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார். பலவீனமான கால் முன்னால் நீட்டியபடி கிடக்கும். நல்ல கையால் கைப்பிடியை அழுத்தி ஒரே உந்தில் எழுந்துவிடுவார். எழுந்தது சரிதான், ஆனால் அந்தப் பலவீனமான பாதத்தில் எடையே இறங்கவில்லை, அங்கிருந்து மூளைக்குச் செய்தி எதுவும் போகவில்லை. இப்படியே நாளெல்லாம் எழுந்து உட்கார்ந்தால், அந்தக் கால் இல்லாமலே காலம் தள்ள மூளை பழகிவிடும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளில் இதைக் காட்டினார். ஒரு கையின் உணர்வு நரம்புகளை மட்டும் துண்டித்தபோது, தசைக்குப் போகும் நரம்புகள் நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்த பிறகு பயன்படுத்தியது.

எனவே எழும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். பலவீனமான பாதத்தைச் சற்றே பின்னால் வைத்தால் எடை அதன் மேல் இறங்கும். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் எழுந்ததைவிட மெதுவாக இறங்க வேண்டும். துணைக்கு ஒருவர் பலவீனமான பக்கம் நிற்கட்டும். சிரமமாக இருந்தால் உயரமான இருக்கையில் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் எழச் சொல்லாமல் படுக்கை ஓரத்தில் சிறிது நேரம் உட்கார வைப்பதும் அவசியம், சிலருக்குச் சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

இரண்டாவது, குனிந்து பாதத்தைப் பார்த்தே நடப்பது. உணர்வு குறைந்தவர் கண்ணை நம்புவது இயல்பு, ஆரம்பத்தில் அது தேவையும்கூட. அதிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். பார்வை முழுவதும் காலுக்கே போய்விடுவதால் எதிரே வருபவர் தெரிய மாட்டார், இருட்டில் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. சமையல் மேடையைப் போல உறுதியான ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து எதிரே பார்த்தபடி எடையை இடமும் வலமும் மாற்றிப் பழகட்டும். “இப்போ எந்தக் கால்ல வெயிட் இருக்கு?” என்று கேட்டு, அவர் சொன்ன பிறகு குனிந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். எளிய பயிற்சிதான், ஆனால் கவனத்தை உடம்புக்குள் திருப்ப இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. கண்ணை மூடி நிற்பது, மெத்தை போன்ற பரப்பில் நிற்பது போன்றவற்றை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். உணர்வு குறைந்த பாதத்தில் கீறலோ கொப்புளமோ வந்தால் அவருக்குத் தெரியாது. தினமும் பார்த்துவிடுங்கள், வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலர் உட்கார்ந்திருக்கும்போதே நல்ல கையால் படுக்கையை உந்தி, பலவீனமான பக்கமாகத் தன்னைத் தானே தள்ளிக்கொள்வார்கள். பாட்ரிசியா டேவிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் 1985-ல் இதை விரிவாக விவரித்தார். “நேரா உட்காருங்கப்பா” என்று மகன் தோளைப் பிடித்து இழுப்பார், அப்பா இன்னும் வேகமாக எதிர்த்துத் தள்ளுவார். பிடிவாதம் என்று தோன்றும். உண்மையில் தன் உடம்பு எப்போது நேராக இருக்கிறது என்ற மூளையின் கணக்கே அவருக்கு மாறிப்போயிருக்கிறது, நாம் இழுத்தால் கீழே தள்ளுவதாகத்தான் அவருக்குப் படும். நல்ல செய்தி, இவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணால் பார்த்து எது செங்குத்து என்று சொல்ல முடியும். எதிரே கதவு நிலையைக் காட்டி “நீங்க அதுக்கு நேரா இருக்கீங்களா?” என்று கேளுங்கள். சாய்ந்திருப்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். பிறகு நல்ல பக்கம் உள்ள ஒரு பொருளை எட்டித் தொடச் சொன்னால் எடை தானாக அந்தப் பக்கம் வரும்.

தூக்கிவிடும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்தும் தூக்காதீர்கள். தசை தளர்ந்திருக்கும் தோள்மூட்டு இறங்கி, பல மாதம் வலிக்கும். வலிக்கிற பக்கத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். இடுப்பைப் பிடித்துத் தாங்குவதே சரி. கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும், பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இடப்பக்கத்தையே மறந்துவிடுவார்கள். தட்டின் இடது பாதியில் உணவு அப்படியே இருக்கும், தோள் கதவில் இடிக்கும். பாவம் என்று எல்லாவற்றையும் வலப்பக்கமே கொண்டுபோய் வைக்கிறோம். அழைப்பு மணி, தண்ணீர் போன்ற அவசரத்துக்கு வேண்டியவை அங்கேயே இருக்கட்டும். பேசுவதற்கு இடப்பக்கம் போய் உட்காருங்கள், தொட்டுக் கூப்பிடுங்கள், அவர் திரும்பும்வரை பொறுங்கள்.

அவசரமும் ஆபத்துதான். அவெர்ட் என்ற ஆய்வில் 5 நாடுகளைச் சேர்ந்த 2,104 பேர் பங்கேற்றார்கள். 2015-ல் வந்த அதன் முடிவுப்படி, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்களில், 3 மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைவு. எப்போது, எவ்வளவு நேரம் என்பதை மருத்துவக் குழு சொல்லட்டும். அதற்கு நேர்மாறாக, ஆறு மாதம் முடிந்ததும் “இனி இவ்வளவுதான்” என்று பயிற்சியை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. பிறகு மெதுவாகும், ஆனால் பயிற்சி செய்கிறவருக்கு ஆண்டுகள் கழித்தும் நடையும் சமநிலையும் மேம்படுகின்றன.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்டதும் பதில் சொல்வதற்காக அவர் நின்றுவிட்டால், நடையே முழுக் கவனத்தையும் வாங்குகிறது என்று அர்த்தம். நடை தேறிய பிறகு வேண்டுமென்றே பேசிக்கொண்டே நடந்து பழகலாம், வெளியுலகில் அப்படித்தானே நடக்க வேண்டியிருக்கும்?

தேறி வந்தவர் திடீரென்று ஒருநாள் மறுபடி தள்ளாடினால், கூடவே முகம் கோணினால், பேச்சு குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், அன்றைக்குப் பயிற்சி சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அங்கே முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.