கடன் பாக்கி என்று போன் வந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்து புது சிம் போட்ட சில நாட்களிலேயே யாராவது கூப்பிட்டு, "உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறது, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வாரண்ட் வந்துவிடும்" என்று மிரட்டலாம். பதறாதீர்கள். போனில் எதையும் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். கம்பெனி பெயர், முகவரி, யாருக்குத் தர வேண்டிய கடன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, "எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். கடன் வசூலிக்கும் நிஜமான கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு இதில் ஒரு சிரமமும் கிடையாது, சட்டப்படி அவர்கள் எப்படியும் அனுப்பியே ஆக வேண்டும். நீங்கள் போனை வைத்து நிதானமாக யோசிப்பதுதான் மோசடிக்காரனுக்கு ஆகாது, அதனால்தான் "லைனிலேயே இருங்கள்" என்று கெஞ்சுவான், கத்துவான்.

புதிதாக வந்தவர்கள் இதில் மாட்டுவதற்கு முதல் காரணம் விசா பயம். எச்1பி நீட்டிப்பு போய்விடுமோ, கிரீன் கார்டு கெட்டுவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும்போது சில நூறு டாலர் பெரிதாகத் தெரியாது, கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: கிரெடிட் கார்டோ ஆஸ்பத்திரி பில்லோ கட்டவில்லை என்பதற்காக மட்டும் இங்கே போலீஸ் வந்து பிடித்துப் போவதில்லை, நாடு கடத்துவதும் இல்லை. அப்படி மிரட்டுவதே சட்டவிரோதம்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி பில். இங்கே ஒரே ஒரு தடவை எமர்ஜென்சிக்குப் போனாலும் ஆஸ்பத்திரி தனியாக, டாக்டர் தனியாக, லேப் தனியாக பில் அனுப்புவார்கள், அதுவும் சில சமயம் மாதக்கணக்கில் கழித்து. அதனால் "மெடிக்கல் பாக்கி" என்று ஒருவன் சொன்னதும், ஒருவேளை அதுவாக இருக்குமோ என்று சந்தேகம் வருவது இயல்பு. அவன் கொடுக்கும் நம்பரில் விசாரிக்காதீர்கள். பழைய பில்லில் உள்ள நம்பரில் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு, இந்தக் கணக்கை வெளியே கொடுத்திருக்கிறீர்களா, கொடுத்திருந்தால் எந்த ஏஜென்சிக்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விளக்கத் தாளையும் பாருங்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில் இருக்கும்.

அப்புறம், உங்கள் நம்பர் முன்பு வேறு யாரிடமாவது இருந்திருக்கலாம். அவர் பெயரைச் சொல்லி வருகிற அழைப்பு நிஜமானதாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு அதில் சம்பந்தமில்லை. "அவர் இங்கே இல்லை, இந்த நம்பருக்கு இனி கூப்பிடாதீர்கள்" என்றால் போதும், உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெயர், பழைய முகவரி, அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம் எல்லாம் சரியாகச் சொல்கிறானே என்று நம்பிவிடாதீர்கள். திருடுபோன தகவல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. திரையில் தெரியும் நம்பரும் சாட்சி இல்லை, போலீஸ் நம்பர் போலவே காட்ட முடியும். கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைப் படிக்கச் சொன்னாலோ, கிரிப்டோவில் அனுப்பச் சொன்னாலோ மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை, அது மோசடிதான்.

கடன் வசூலுக்கு என்றே 1977-ல் வந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஏஜென்சிகள் நீங்கள் இருக்கும் இடத்து நேரப்படி காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. முதலில் தொடர்பு கொண்ட 5 நாட்களுக்குள் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் "இந்தக் கடன் என்னுடையது இல்லை, ஆதாரம் காட்டுங்கள்" என்று நீங்கள் எழுதி அனுப்பினால், ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்த வேண்டும். சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சும்மா 20 டாலர் கட்டி அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பல மாநிலங்களில் காலாவதியான கடனுக்குக் கொஞ்சம் பணம் கட்டினாலும் வழக்குப் போடும் கெடு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனால் நிஜமான கோர்ட் சம்மன் வந்தால் மோசடி என்று தூக்கிப் போடாதீர்கள். பதில் போடாமல் இருந்தால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போய், சம்பளத்திலேயே பிடித்தம் வரலாம். சம்மனில் எந்தக் கோர்ட் என்று இருக்கிறதோ, அதன் நம்பரைச் சம்மனிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள்.

ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில், ஒவ்வொருவரின் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கும். எல்லாக் கடனும் அதில் வந்துவிடாது, இருந்தாலும் உங்கள் பெயரில் யாராவது கணக்குத் திறந்திருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருப்பது அவர்கள்தான், மகனைக் கைது செய்யப் போகிறோம் என்று கேட்டால் ஆடிப்போய்விடுவார்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க நேரமில்லை. உடனே பேங்கையோ கிஃப்ட் கார்டு கம்பெனியையோ கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லியிருந்தால் மேலே சொன்ன மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட் ஃப்ரீஸ் போடுங்கள் (உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்குவதைத் தடுக்கும் பூட்டு), அது இலவசம். புகாரை, நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியிலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் ஆன்லைனிலேயே கொடுக்கலாம், அழைப்பு வந்த தேதி, நேரம், நம்பர், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைத்திருந்தால் வேலை சுலபம்.