பழைய சிங்கர் கனரகத் தையல் இயந்திரத்துக்குக் கையேடும் உதிரிபாகமும் தேடும் முறை

தோலும் தார்ப்பாயும் தைக்கும் பழைய சிங்கர் இயந்திரம் ஒன்று கைக்கு வந்தவுடன் பலர் நேராக உதிரிபாகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் அந்த இயந்திரத்தின் எண்ணைச் சரியாகப் படித்துக்கொள்ள வேண்டும். "செருப்புத் தைக்கும் சிங்கர் 29-க்குப் பாபின் வேண்டும்" என்று கேட்டால் எவ்வளவு அனுபவமுள்ள கடைக்காரரும் ஊகித்துத்தான் தர முடியும். ஏனெனில் அந்த 29 வகைக்குள்ளேயே இயந்திரத்தின் நீண்ட கைப்பகுதியின் நீளமும் பாபினின் அளவும் மாறுபடும் உட்பிரிவுகள் பல உள்ளன.

இயந்திரத்தின் உடலில் பொருத்தியிருக்கும் சிறு தகட்டில் 111டபிள்யூ155, 29கே71 என்பதுபோல மாதிரி எண் ஒன்று இருக்கும். முதல் எண் வகையையும், நடுவிலுள்ள எழுத்து தொழிற்சாலையையும், கடைசி எண் உட்பிரிவையும் குறிக்கின்றன. 'கே' என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1885 முதல் 1980 வரை இயங்கிய கில்போவி ஆலை; 'டபிள்யூ' என்றால் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் ஆலை. உடலில் தனியாகப் பொறிக்கப்பட்ட வரிசை எண், இயந்திரம் உருவான காலத்தை அறிய உதவுமே தவிர, அதை வைத்து உதிரிபாகம் வாங்க இயலாது. அடிப்பக்கத்து வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் எண்ணோ அந்த ஒரு வார்ப்புக்கு மட்டும் உரியது. அதை மாதிரி எண் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண் தெரிந்தபின் தேட வேண்டிய நூல்கள் இரண்டு. ஒன்று, எண்ணெய் விடுதல், நூல் கோத்தல், சீரமைத்தல் ஆகியவற்றைக் கூறும் பயன்பாட்டுக் கையேடு. மற்றொன்று, ஒவ்வொரு பாகத்தையும் படத்தில் காட்டி அதன் எண்ணைத் தரும் உதிரிபாகப் பட்டியல். முதலாவது எளிதில் கிடைத்துவிடும். உண்மையில் பயன்படுவது இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகம் தையல் இயந்திர நிறுவனங்களின் பழைய வெளியீடுகள் பலவற்றை மின்னாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. பன்னாட்டுத் தையல் இயந்திரச் சேகரிப்பாளர் சங்கமான இஸ்மாக்ஸ், வகைப் பட்டியலையும் வரிசை எண் அட்டவணைகளையும் தொகுத்திருப்பதால், தகடு தொலைந்துபோன இயந்திரத்தை அடையாளம் காண அங்கிருந்து தொடங்குவது நல்லது. கூடாரமும் பாராசூட்டும் பழுதுபார்க்க அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய இயந்திரங்களுக்குத் தனிக் கையேடுகள் உண்டு. இராணுவப் பொருள் வகைப்பாட்டில் தொழிற்கூடத் தையல் இயந்திரங்களுக்குரிய எண் 3530 என்பதால், அந்த எண்ணையும் சேர்த்துத் தேடினால் நல்ல படங்களோடு கூடிய பக்கங்கள் சில வேளைகளில் அகப்படும்.

அசல் சிங்கர் பாகங்கள் பலவற்றில் 'சிமான்கோ' என்ற முத்திரையும் பாக எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், தேய்ந்த எழுத்துகள்கூடத் தெரியும். அந்த எண் ஒன்று போதும், மாதிரி பெயரைச் சொல்லாமலே கேட்கலாம். ஒரே பாகம் பல மாதிரிகளுக்குப் பொருந்துவதும் அப்போதுதான் தெரியவரும். என் 29கே இயந்திரத்துக்கு ஒருமுறை பாபினை வாய்மொழியாகச் சொல்லி வரவழைத்தேன். பாபினைத் தாங்கி நூலைப் பிடிக்கும் பாகமான ஷட்டில் சிறிய பாபினுக்கானது, வந்ததோ பெரியது, உள்ளேயே நுழையவில்லை. அன்று முதல் வெர்னியர் அளவுகோலால் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து, அளவுகோல் தெரியும்படி படமெடுத்து அனுப்பாமல் நான் எதையும் கேட்பதில்லை.

திருகுகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிங்கர் தனக்கென வைத்துக்கொண்ட மரைகளில் (திருகுப் புரிகளில்) ஒன்று, 9/64 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 40 மரையும் கொண்டது. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 3.57 வரும். கடையில் கிடைக்கும் 3.5 மில்லிமீட்டர் திருகு அதன் இரட்டைப் பிறவிபோலத் தோன்றி ஓரிரு சுற்று இலகுவாக ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் பலவந்தமாகத் திருகினால் கெடுவது திருகன்று, மாற்ற முடியாத வார்ப்பின் மரை.

ஊசியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஊசியின் தடிமன் வேறு, அதன் நீளத்தையும் வடிவையும் குறிக்கும் முறை எண் வேறு. 111டபிள்யூ155-க்குத் துணி தைக்க 135×17, தோல் தைக்க 135×16. 29கே-க்குத் தோலுக்கு 29×3, துணிக்கு 29×4. இவையல்லாத வேறு முறை ஊசியைப் போட்டால் நீளம் மாறக்கூடும், அடியில் நூலைக் கவ்வும் ஊக்கோ ஷட்டிலோ நூலைப் பிடிக்காது. உடனே ஷட்டிலைக் குறைசொல்லி அதை மாற்றப் புறப்படுவது வீண்செலவு.

111டபிள்யூ155-ஐ ஒட்டியே கான்சூ என்ற நிறுவனத்தின் 225 போன்ற இயந்திரங்கள் வந்ததால், அவற்றின் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும். பாபின், அழுத்துப் பாதம் ஆகியவற்றில் புதிய நகல்களை நம்பி வாங்கலாம். 29கே-யின் நீண்ட கைக்குள் ஷட்டிலை இயக்கும் பற்சட்டமும் பற்சக்கரமும் தேய்ந்திருந்தால், உடைத்து விற்கப்படும் இன்னோர் இயந்திரத்தின் அசல் பாகத்தைத் தேடுவதே மேல். நகல்தான் கிடைக்கிறது என்றால், சிறிது அரம் போட்டுப் பொருத்த வேண்டி வரலாம் என்று எண்ணியே வாங்குங்கள். பொருத்தியதும் நூல் கோக்காமல், மோட்டாரையும் இணைக்காமல், சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பலமுறை சுற்றி, எந்தப் புள்ளியிலாவது பிடிக்கிறதா என்று பாருங்கள்.