54 சுற்றா, 345 சுற்றா?

வியாசர்பாடியில் நான் வேலை பார்த்த ரீவைண்டிங் (கம்பி திரும்பச் சுற்றும்) கடைக்கு, காயில் (கம்பிச் சுற்று) முழுக்க எரிந்துபோன பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வந்தது. பழைய சுற்றை எண்ண வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கோர், அதாவது சுற்றுக்கு நடுவே இருக்கும் இரும்புத் தகட்டு அடுக்கு, 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். கடையில் கிடந்த பழைய கையேடு 75,000 லைன் என்றது. ஒரு லைன் என்றால் ஒரு மேக்ஸ்வெல், காந்தப் பாயத்தின் பழைய அலகு. சரி, 75,000 காஸ் (காந்தப் பாய அடர்த்தியின் பழைய அலகு) என்று எடுத்துக்கொண்டேன். 10,000 காஸ் ஒரு டெஸ்லா (அதன் இன்றைய அலகு), ஆக 7.5 டெஸ்லா. 230 வோல்ட்டுக்கு 54 சுற்று வந்தது.

பக்கத்தில் இருந்த அண்ணன் சிரித்தார். “ஸ்விட்ச் போட்டதும் ஃபியூஸ் போயிடும் தம்பி.”

அவர் சொன்னது சரி. கோர் தகடான சிலிக்கான் ஸ்டீல் 2 டெஸ்லா பக்கம் போனாலே நிறைந்துவிடும்; அதற்கு மேல் காந்தம் ஏறாது, மின்னோட்டம்தான் எகிறும். 7.5 என்று வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காஸ் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லைன். கையேடு சொன்னதோ சதுர அங்குலத்துக்கு. ஒரு சதுர அங்குலம் 6.4516 சதுர சென்டிமீட்டர், அதனால் ஒரு டெஸ்லாவுக்கு 64,516 லைன். 75,000 என்பது 1.16 டெஸ்லாதான்.

அப்புறம் டெஸ்லா பக்கமே போகவில்லை. கோரின் பரப்பு 4 சதுர அங்குலம், ஆக 75,000 × 4 = 3 லட்சம் மேக்ஸ்வெல். 10 கோடி மேக்ஸ்வெல் ஒரு வெபர் (பாயத்தின் இன்றைய அலகு), ஆக 0.003 வெபர். சூத்திரத்தின் மாறிலி 4.44, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்: 4.44 × 50 × 0.003 = 0.666 வோல்ட், ஒரு சுற்றுக்கு. வோல்ட்டுக்கு ஒன்றரைச் சுற்று, மொத்தம் 345.

கோர் அளவை பாபினில் (கம்பி சுற்றும் கூடு) எடுக்காமல் தகட்டில் எடுங்கள். அந்தத் தப்பையும் ஒருமுறை செய்திருக்கிறேன், அது தனிக்கதை.