ஒலிம்பியா கமிட்டி ஹியரிங்ல பேசணுமா? ஒரு நிமிஷத்துக்கு ரெடி பண்ணுங்க

வாஷிங்டன் ஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு இது. கிரிமினலோ சிவிலோ, புது பில் (சட்ட மசோதா) வந்தா மாநில தலைநகர் ஒலிம்பியால சட்டசபை கமிட்டி முன்னாடி யார் வேணா பேசலாம், வக்கீலா இருக்கணும்னு இல்ல, சிட்டிசனா இருக்கணும்னும் இல்ல, வீட்ல உக்காந்து ஜூம்லயே பேசிடலாம். சட்டசபைல ரெண்டு அவை, செனட்டும் ஹவுஸும். செனட்ல ரெண்டு வகையும் பெரும்பாலும் லா அண்ட் ஜஸ்டிஸ் கமிட்டிக்குதான் போகும், ஹவுஸ்ல ரெண்டுக்கும் தனித்தனி கமிட்டி.

முதல்ல பில்லை படிங்க ப்ளீஸ், நியூஸ் தலைப்ப மட்டும் பாத்துட்டு வந்து பேசாதீங்க. அடிக்கோடு போட்டிருந்தா புதுசா சேக்கறாங்க, குறுக்க அடிச்சிருந்தா தூக்கறாங்க, "நியூ செக்ஷன்"னு தலைப்பு இருந்தா அடிக்கோடு இல்லாட்டியும் அந்த பகுதி முழுக்க புதுசு, மத்ததெல்லாம் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கற சட்டம்தான். நம்பர் ஏதாவது மாறியிருக்கான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டு பாருங்க. இங்க கிராஸ் மிஸ்டிமீனருக்கு (பெரிய குற்றமான ஃபெலனிக்கு ஒரு படி கீழ இருக்கற குற்றம்) அதிகபட்ச ஜெயில் முன்ன ஒரு வருஷம், 2011ல அத 364 நாளாக்கினாங்க. ஒரு நாள்ல என்ன வந்துச்சுன்னு தோணும், ஆனா ஃபெடரல் இமிக்ரேஷன் சட்டத்துல பல இடத்துல ஒரு வருஷம்ங்கறதுதான் எல்லை, அதனால விசாலயும் கிரீன் கார்டுலயும் இருக்கறவங்களுக்கு அந்த ஒரு நாள் நாட்ட விட்டு அனுப்பறதுல போய் முடியற விஷயம்.

சட்டசபை வெப்சைட்ல சைன் இன் பண்ணணும், ப்ரோ (ஆதரவு), கான் (எதிர்ப்பு), அதர் (மத்தது)னு மூணுல ஒண்ண எடுக்கணும். ஹியரிங் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. பேச கூச்சமா இருந்தா உங்க நிலைப்பாட்ட மட்டும் பதிவு பண்ணிட்டு போயிடலாம். எழுதி அனுப்பறதுன்னா ஹியரிங் ஆரம்பிச்சதுலேருந்து 24 மணி நேரம் டைம் இருக்கு.

அன்னிக்கு ஸ்டாஃப் பில்லை விளக்குவாங்க, பில் கொண்டுவந்தவர் பேசுவார், அப்புறம்தான் நம்ம முறை. எவ்ளோ நேரம்ங்கறது கமிட்டி தலைவர் (சேர்) கைல, கூட்டம் அதிகம்னா ஒரு நிமிஷம்தான், அதனால பேர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, எந்த செக்ஷன், அதுல என்ன மாத்தணும், இத முதல் இருபது செகண்ட்லயே சொல்லிடுங்க, சொந்த கதை பின்னாடி வரட்டும். ஒண்ணு மட்டும் கவனம், எல்லாம் ரெக்கார்ட் ஆகுது, சட்டசபை நிகழ்ச்சிகள காட்டற டிவிடபிள்யூ (TVW) சேனல்ல யார் வேணா எப்ப வேணா பாக்கலாம், உங்க மேல கேஸ் ஏதாவது நடந்துட்டிருந்தா உங்க வக்கீல கேக்காம வாய திறக்காதீங்க.

ஓட்டு பொதுவா வேற ஒரு நாள்தான், எக்ஸிக்யூடிவ் செஷன்னு பேரு, ஏதோ ரகசிய மீட்டிங் மாதிரி இருக்கும் ஆனா எல்லாரும் பாக்கலாம், பேசத்தான் முடியாது. நடுவுல கிடைக்கற நாள்ல கமிட்டி மெம்பர்களுக்கு ஒரு மெயில் போடுங்க, எந்த வரிய எப்படி மாத்தணும்னு அந்த வார்த்தையவே எழுதி.