பயணப் புகைப்படத் தொழில்: சிங்கப்பூரிலிருந்து எப்படித் தொடங்குவது?

"அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?" தேக்காவில் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இதைக் கேட்டுவிடுவார்கள். கேமராவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் மலை, கடல், காடு என்று அலைந்து படமெடுத்தே பல வருடமாகக் குடும்பம் நடத்துபவனாகச் சொல்கிறேன்: ஒரு ரிசார்ட்டோ பயண நிறுவனமோ நமக்குப் பணம் தருவது, சொன்ன நாளில் போய், மழையோ வெயிலோ, கேட்ட படங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்போம் என்ற நம்பிக்கைக்குத்தான். அந்த நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் படிப்படியாக எழுதப்போகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நீங்கள் வெளிநாட்டவராக, எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதியில் இங்கே இருந்தால், உங்கள் பாஸில் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு படமெடுப்பதும் விதிமீறல்தான். அந்தப் பாஸில் இருக்கும்வரை பயிற்சியாக எடுங்கள், பணம் வாங்காதீர்கள்.

படி 1: உபின் தீவில் ஒரு நாள் வேலை

வெளிநாட்டுக்கு டிக்கெட் போடாதீர்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போங்கள், 12 பேர் சேர்ந்ததும் உபினுக்குப் படகு கிளம்பும். "இந்தத் தீவைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு 12 படம் வேண்டும்" என்று யாரோ உங்களை அனுப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். போகும் முன்பே தாளில் பட்டியல் எழுதுங்கள்: தீவின் அகலமான காட்சி ஒன்று, படகோட்டியின் கைகள், வாடகை சைக்கிள் வரிசை, ஒரு கம்பத்து (கிராமத்து) வீடு, சாப்பாடு, பழைய கல்குவாரி, ஒரு மனிதரின் முகம் (கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்), தீவின் ஓரத்திலுள்ள செக் ஜாவா ஈரநிலம்.

இந்தச் செக் ஜாவாதான் நல்ல ஆசிரியர். கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் சேற்றுத்திட்டும் அதிலுள்ள உயிர்களும் வெளியே தெரியும், ஆகவே ஓத நேரத்தைப் பார்த்துத்தான் நாளையே தேர்ந்தெடுக்க வேண்டும். காலை 8.30க்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் எழுகிறது, மாலை 7ஐ ஒட்டித்தான் மறைகிறது, அதனால் எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பொன்வெளிச்சம் அங்கே உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. என்ன செய்வீர்கள்? மேகம் மூடும்வரை காத்திருப்பீர்களா, அங்குள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறி மேலிருந்து எடுப்பீர்களா, வெயிலை விட்டுவிட்டுச் சதுப்பு மரங்களின் வேருக்கும் நிழலுக்கும் போவீர்களா? வாடிக்கையாளர் அனுப்பும் இடங்களில் பாதி இப்படித்தான், நமக்குப் பிடித்த நேரத்தில் கதவு திறந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் 12 படத்துக்கும் விளக்கக் குறிப்பு எழுதுங்கள். குவாரி படத்துக்கு "அழகான ஏரி" என்று எழுதினால் அது வீண். அந்தத் தீவின் கருங்கல் 1851இல் முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்வரை போனது என்று எழுதுங்கள், படத்தின் மதிப்பே மாறிவிடும்.

இதையே நாலைந்து முறை செய்யுங்கள்: சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள், மெக்ரிட்சி காட்டுப் பாதை, தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடப்பது. நெரிசலில், வியர்வையில், எடையைச் சுமந்து நடந்துகொண்டே எடுக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் செங்குத்தாக இறங்கிவிடும், சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் போல்தான் நல்ல வெளிச்சம் நிற்கும். ஐரோப்பியர்கள் காட்டும் நீண்ட மாலைகளை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே போய் டிரைபாடை நிறுத்திவிடுங்கள்.

படி 2: ஈரம், குளிர், பேட்டரி

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே விட்டுவிடுங்கள். வீட்டில் டிரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

மலையில் தொல்லை வேறு மாதிரி, குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். மலேசியாவின் சபாவிலுள்ள கினபாலு மலை 4,095 மீட்டர். 3,272 மீட்டரில் உள்ள லபான் ராட்டா தங்குமிடத்தில் தூங்கி, நள்ளிரவு தாண்டியதும் எழுந்து ஏறினால்தான் உச்சியில் சூரிய உதயம் கிடைக்கும். முதல் முறை நான் மாற்றுப் பேட்டரிகளைப் பையின் வெளி அறையில் வைத்திருந்தேன். உச்சியில் போட்டுப் பார்த்தால் நேற்று முழுக்கச் சார்ஜ் செய்தது காலி என்று காட்டியது. சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கியதும் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் அதற்குள் வானம் சிவந்து வெளுத்தும்விட்டது. அன்றிலிருந்து மாற்றுப் பேட்டரி எப்போதும் உள்சட்டைப் பையில்தான்.

விமானத்தில் மாற்று லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும். 100 வாட் ஹவர் (பேட்டரியின் ஆற்றல் அளவு) வரை பிரச்சினையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் ஹவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்று போட்ட பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட் ஹவர், சரி, எடுத்துப் போகலாம். ஆனால் ஏப்ரல் 2025 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்த முடியாது, ஏறும் முன்பே எல்லாவற்றையும் சார்ஜ் செய்துவிடுங்கள்.

படி 3: எல்லை தாண்டும் தாள்கள்

காசு வாங்கிச் செய்யும் வேலைக்குச் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். பின்டான் ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான், ஆனாலும் அது இந்தோனேசியா, சரியான விசாவை ஏற்பாடு செய்யும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். நிறையக் கருவிகளோடு போனால் ஏடிஏ கார்னே எடுக்கலாம், கருவிகளைத் தற்காலிகமாக வரியின்றி வேறு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம் அது. சிங்கப்பூரில் அதைச் சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபை வழங்குகிறது, ஒரு வருடம் செல்லும், ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும் அதில் இருக்கும். வாங்கிய ரசீதுகளின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது பழைய லென்ஸைப் புதியது என்று நினைத்து 9 சதவீத ஜிஎஸ்டி கேட்டால் காட்ட உதவும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் கவனமாக இருங்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போனும், மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் தொடர்புக் கருவியும் அங்கே சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. ட்ரோன் இறக்குமதிக்கும் 2022 முதல் தடை. இங்கேகூட 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

படி 4: விலையும் ஒப்பந்தமும்

மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள் சம்பளம் கேட்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. எனக்கு மூன்று நாள் ஷூட் என்றால் தயாரிப்புக்கு ஒரு நாள், படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்த நான்கு நாள், ஆக எட்டு நாள். தொகையை எட்டால் வகுத்துப் பாருங்கள், அந்த நாள் கூலி உங்கள் வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகிறதா? பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே டிக்கெட் போடுகிறேன்.

ஒரு விஷயத்தை எல்லோருக்கும் உரக்கச் சொல்ல ஆசை. 21 நவம்பர் 2021 முதல் சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும் முதல் உரிமையாளர் புகைப்படக்காரர்தான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை. அதற்கு முன் உரிமை படமெடுக்கச் சொன்னவருக்குப் போனது. ஆகவே "எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கு" என்ற வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கே, எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்று எழுதி, அதற்கேற்ப விலை சொல்லுங்கள். நான் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு வேலையின் படங்கள் இன்றும் விளம்பரங்களில் வருகின்றன, என் பெயரும் இல்லை, ஒரு வெள்ளியும் இல்லை.

வருட நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவரும் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்ட வேண்டும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

படி 5: படம் வீடு வந்து சேர வேண்டும்

ஒவ்வொரு இரவும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குளிக்கும் முன்பே காப்பி எடுக்கிறேன். மெமரி கார்டில் ஒன்று, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒவ்வொன்று. ஒரு டிஸ்க் கேமராப் பையில், இன்னொன்று துணிப்பையில், கார்டு என் உடம்பிலேயே. படகிலிருந்து ஒரு பை கடலில் விழுந்தாலும் வேலை விழாது. இணையம் கிடைக்கும் இடத்தில் தேர்ந்தெடுத்த இருபது முப்பது படங்களை மட்டும் மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். இந்த ஒரு வசதிக்காக மட்டும் கொஞ்சம் அதிகம் கொடுத்துக் கேமரா வாங்கலாம் என்பேன்.

வீடு திரும்பி, திருத்தி, அனுப்பிய பிறகும் கார்டை அழிக்காதீர்கள். எல்லாப் படங்களையும் இறக்கித் திறந்து பார்த்துவிட்டதாக வாடிக்கையாளர் பதில் எழுதட்டும், அப்புறம் அழிக்கலாம்.