தக்காளி ரோஜாவும் வெங்காயத்தாள் சுருளும்

உணவுத் தட்டை அலங்கரிக்கும் தக்காளி ரோஜாவுக்குக் கெட்டியான பழம்தான் வேண்டும். கனிந்ததில் தோல் பாதியிலேயே அறுந்துவிடும். காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மெல்லிய வட்டமாகச் சீவுங்கள், ஆனால் துண்டிக்க வேண்டாம். அங்கிருந்தே 2 செ.மீ. அகலத்தில், பழத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாகத் தோலை உரித்துக்கொண்டே வாருங்கள். சதை அதிகம் ஒட்டினால் சுருட்டும்போது விரியும், வெறும் தோல் என்றால் துவண்டுவிடும். கத்தி கூராக இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். நாடாவின் நுனியிலிருந்து, தோல் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, அந்த வட்டத்தின் மேல் உட்காரவைத்தால் பூ தயார்.

வெங்காயத்தாளை 7 செ.மீ. துண்டாக்கி, அடியில் 2 செ.மீ. விட்டு, மீதியை நீளவாக்கில் மெல்லிய இழைகளாகக் கீறி, ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம் போடுங்கள். உட்புறம் நீரை உறிஞ்சி உப்பும், மெழுகுப் பூச்சுள்ள வெளித்தோல் உப்பாது. அதனால் இழைகள் தாமாகவே வெளிப்பக்கம் சுருளும்.

கேரட் பூ சுலபம்: நீளவாக்கில் ஐந்து இடங்களில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, 3 மி.மீ. வில்லைகளாக நறுக்கினால் போதும்.

எதையும் ஈரம் ஒற்றி எடுத்து, பரிமாறும் நேரத்தில் வையுங்கள். உப்பு பட்டால் நீர் விட்டுவிடும்.