நரிக்கண்டல்: கழியோரத்தில் இனங்கண்டு வளர்க்கும் முறை

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அலையாத்தி என்று சொன்னால் பெரும்பாலும் வெண்கண்டலைத்தான் குறிப்போம். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மரத்தோடு, ஆற்று நீர் கலக்கும் மேற்பகுதிகளில் நரிக்கண்டலையும் சேர்த்து நட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈஜிசெராஸ் கார்னிகுலேட்டம் என்பது இதன் தாவரவியல் பெயர். முன்பு மிர்சினேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இந்தச் சிறுமரம், 2009இல் வெளியான, பூக்கும் தாவரங்களை உறவுமுறைப்படி பிரிக்கும் ஏபிஜி வகைப்பாட்டில் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து பிரிமுலேசிக்குள் வந்தது. இமயமலைச் சரிவுகளில் பூக்கும் பிரிமுலாவும், நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் வாய்விடங்கமும் இதன் உறவுகளே. பிரிமுலா குளிரைக் கேட்கும் செடி. சென்னை வெயிலில் அதை வளர்க்க முயல்வது வீண். அந்தக் குடும்பத்தின் காட்டுப் பூ ஒன்றை வடசென்னையில் வளர்க்க விரும்புவோருக்கு, உப்பையும் வெயிலையும் தாங்கும் நரிக்கண்டலே ஏற்றது.

இனங்காணுதல்

நரிக்கண்டல் புதராகவோ சில மீட்டர் உயரமுள்ள சிறுமரமாகவோ வளரும். இதற்கு மூச்சுவேர்கள் கிடையாது. இலைகள் கிளையில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். அடி குறுகி, நுனி அகன்று, நுனியில் சிறு பள்ளத்தோடு தோல்போலத் தடித்திருக்கும். காம்பு பெரும்பாலும் சிவந்திருக்கும். வெண்கண்டலின் இலைகள் எதிரெதிராக அமைந்து அடிப்பக்கம் வெளிறியிருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது எளிது. உச்சி வெயிலில் நரிக்கண்டல் இலையின் மேற்பரப்பை உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக உப்புப் படிகங்கள் மின்னும். வேர் வழியே ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றிய தடம் அது.

குழப்பம் தரக்கூடிய இன்னொரு மரம் தில்லை. அதன் இலைகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகவே அமைந்திருக்கும். ஆனால் காம்பைக் கிள்ளியதும் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரும் தீங்கு செய்யும். ஆகவே கழியோரத்தில் பெயர் தெரியாத இலை எதையும் கிள்ளிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். பூவையோ காயையோ பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பானது.

பூக்கள் வெண்மையானவை; கிளை நுனியில் குடைபோல விரிந்த கொத்துகளாக, கூரிய மொட்டுகளிலிருந்து மலரும். ஐந்து இதழ்கள் விரிந்து பின்னோக்கி வளையும். ஒரு பூவைக் கையில் எடுத்துக் கவனித்தால் ஒவ்வொரு மகரந்தத் தாளும் இரண்டு இதழ்களுக்கு இடையே நில்லாமல் ஓர் இதழுக்கு நேர் எதிரே நிற்பதைக் காணலாம். பிரிமுலாவுக்கும் இதற்கும் பொதுவான குடும்ப அடையாளம் இது. பூ உதிர்ந்தபின் உருவாகும் காய், மிளகாயைப்போல வளைந்து நுனி கூர்ந்திருக்கும். விதை தாய்மரத்தில் தொங்கும்போதே காயின் தோலுக்குள் முளைத்துவிடுகிறது. அதனால் நாம் சேகரிப்பது, தோல் போர்த்திய நாற்று என்றே சொல்லலாம்.

வகைகள் என்று சொல்ல அதிகமில்லை. இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. அவற்றில் ஈஜிசெராஸ் புளோரிடம் பிலிப்பைன்ஸ், போர்னியோ, கிழக்கு இந்தோனேசியா பகுதிகளுக்கு உரியது. நம் கடற்கரைக்குரியது கார்னிகுலேட்டம் மட்டுமே. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இயல்பாக வளர்கிறது.

மரபுப் பயன்கள்

பட்டையிலும் விதையிலும் சோப்புபோல நுரைக்கும் சபோனின் என்ற பொருள் உள்ளது. அவற்றை இடித்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் ஆசியாவின் பல கடற்கரைகளில் இருந்திருக்கிறது. அது குஞ்சு மீன்களையும் சேர்த்தே அழிக்கும் முறை என்பதால், ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் எண்ணூர்க் கழியில் யாரும் அதைச் செய்யக் கூடாது. மூட்டுவலி, இரைப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கு நாட்டு வைத்தியத்தில் இம்மரத்தின் பாகங்கள் பயன்பட்டதாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் மீனை மயக்கும் பொருள் கொண்ட பட்டையைத் தாமாகவே கஷாயம் வைத்துக் குடிப்பது ஆபத்து. விறகுக்கும் கரிக்கும் இம்மரத்தை வெட்டிய காலமும் உண்டு. இன்று அலையாத்திக் காடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவுக்குள் வருகின்றன.

எந்தச் சேதமும் செய்யாத பயன் தேன்தான். சுந்தரவனத்தில் இம்மரத்தைக் கல்சி என்று அழைக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதன் பூவிலிருந்து மலைத்தேனீக்கள் சேர்க்கும் தேனை அங்குள்ள தேனெடுப்போர் மற்றத் தேன்களைவிட உயர்வாக மதிக்கிறார்கள்.

காய் சேகரிப்பும் நாற்றங்காலும்

கோடையில் பூக்கும் மரத்தில் காய்கள் மழைக்காலத்துக்கு முன்பாக முதிரும். இடத்துக்கு இடம் இது முன்பின்னாகும். லேசாகத் தொட்டதும் கையோடு வரும் காயே முதிர்ந்தது. இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அலையாத்திக் காடுகள் பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், காய் எடுப்பதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெறுவது கட்டாயம். அவர்களுடைய நாற்றங்காலிலேயே கன்றுகள் கிடைக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சேகரித்த காய்களை ஒரு வாளியில் நல்ல நீரோடு சிறிது கழி நீர் கலந்து ஊற வைத்தால், தோல் தானே வெடித்துக் கழன்றுவிடும். பூச்சி துளைத்தவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றை, கழிச் சேறும் மணலும் கலந்து நிரப்பிய பாலித்தீன் பைகளில் படுக்கவைத்துப் பாதியளவு புதையும்படி அழுத்த வேண்டும். முழுவதும் மூடினால் அழுகிவிடும். முதல் வாரங்களில் அரை நிழல் தேவை. தென்னங்கீற்றுப் பந்தலே போதும்.

நீரின் உப்பளவில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வெண்கண்டல் அதற்கு மேலும் தாங்கும். நரிக்கண்டலுக்கு அந்த அளவு வலிமை இல்லை. ஆகவே தொடக்கத்தில் மூன்று பங்கு நல்ல நீருக்கு ஒரு பங்கு கழி நீர் என்று ஊற்றி, கன்று நான்கைந்து இலைகள் விட்டபின் கழி நீரின் பங்கைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நட்ட பிறகு எந்த நீரில் நிற்கப்போகிறதோ அந்த உப்பளவுக்கு அதை நாற்றங்காலிலேயே பழக்குவதுதான் நோக்கம். மாடியில் ஒரே ஒரு செடியாக வளர்க்க விரும்புவோர், அடியில் நீர் தேங்கும் தொட்டியில் நல்ல நீர் மட்டும் ஊற்றினாலும் அது வளரும்.

இடம் தேர்வு

கன்று பிழைப்பதும் பட்டுப்போவதும் இடத்தைப் பொறுத்தே இருக்கின்றன. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது நனைந்து, இறங்கும்போது வடிந்துவிடும் கரையே தகுந்தது. நீர் தேங்கி வெயிலில் சுண்டும் பள்ளங்களில் உப்பு ஏறிக்கொண்டே போகும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அப்படிப் பாழான நிலங்களை மீட்க, முதலில் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓத நீரை உள்ளே வரவும் வெளியேறவும் செய்த பிறகே கன்றுகளை நட்டார்கள். அந்த வரிசையை மாற்றக் கூடாது: முதலில் நீரோட்டம், பிறகுதான் கன்று.

எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழியில் முகத்துவாரத்து மணலைத் தவிர்த்து, ஆற்று நீர் வந்து கலக்கும் உட்புறக் கரைகளில், வெண்கண்டல் வரிசைக்குப் பின்னால் நடலாம். அதற்கு முன் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் இறுகிய படிவு தெரிந்தால் அது அனல்மின் நிலையச் சாம்பல். வேர் அதற்குள் எளிதில் இறங்காது. குழியில் ஊறும் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த இடத்தையும் விட்டுவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், இந்தக் கழியின் அலையாத்திகளில் கறுப்பாகப் படிந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மரமில்லாத சேற்றுவெளியை வெற்றிடம் என்று நினைத்து நிரப்பிவிடுவது பெரும் தவறு. கையால் தடவி இறால் பிடிப்போரின் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. வலசை வரும் கரைப்பறவைகள் இரைதேடுவதும் அங்கேதான். காட்டுக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களின் பெரியவர்களிடம் கேட்டு, வலை இழுக்கும் தடத்தையும் படகு கட்டும் துறையையும் ஒதுக்கிவிட்டு மிச்சமுள்ள கரையில் மட்டுமே நட வேண்டும்.

நடவும் பராமரிப்பும்

ஒரு முழ உயரம் வளர்ந்த கன்றுகளை, வடகிழக்குப் பருவமழை பெய்து கழியின் உப்பு குறைந்திருக்கும் நாட்களில், வெள்ளத்தின் வேகம் தணிந்தபின் நடுவது நல்லது. பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். கன்றுக்குக் கன்று ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் இடைவெளி போதும்.

முதல் ஆண்டில் ஆடு, மாடு நுழையாமல் மூங்கில் படல் கட்டுங்கள். ஓதம் கொண்டுவரும் பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைத் துண்டுகளும் கன்றின்மேல் சுற்றிக்கொண்டால் அடுத்த ஓதத்தில் அதை வேரோடு சாய்த்துவிடும். ஆகவே பௌர்ணமி, அமாவாசை ஓதங்களுக்கு அடுத்த நாள் தவறாமல் போய் அவற்றை அகற்ற வேண்டும். தண்டில் கூட்டமாக ஒட்டும் பார்னக்கிள் என்ற ஓடுடைய சிறு கடலுயிரிகளைக் கத்தியால் சுரண்டினால் பட்டை உரியும். பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பட்டுப்போன கன்றுகளின் இடத்தில் அடுத்த மழைக்காலத்தில் மறுநடவு செய்யலாம். ஓரிடத்தில் மட்டும் பல கன்றுகள் சேர்ந்து பட்டுப்போயிருந்தால், அங்கே நீர் ஏன் வடியவில்லை என்று பார்த்து அதைச் சரிசெய்யும்வரை புதுக் கன்றை வைக்காதீர்கள்.